பொன்னாங்கண்ணியா, போலியா?

பொன்னாங்கண்ணிக் கீரையை ஒரு மண்டலம் விடாமல் உண்டால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே இதைக் கேட்டதும் எனக்குக் கண்ணைவிட வானம்தான் நினைவுக்கு வரும். பகலில் விண்மீன்கள் மறைவது நம் கண்ணின் குறையால் அன்று. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடித்து வானம் முழுவதையும் ஒளிரச் செய்கின்றன. அந்தப் பேரொளியில் விண்மீனின் சிற்றொளி மூழ்கிவிடுகிறது. எந்தக் கீரையைத் தின்றாலும் இந்தச் சிதறலைக் குறைக்க முடியாது.

ஆனால் அந்தப் பேச்சை முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டாம். இக்கீரையில் கரோட்டின் உண்டு. நம் உடல் அதிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக் கொள்கிறது. மங்கலான ஒளியில் பார்ப்பதற்கு விழித்திரைக்கு ரோடாப்சின் என்னும் நிறமி தேவை. அதை உண்டாக்க வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். ஆகவே பகல் நட்சத்திரத்துக்கு இல்லாவிட்டாலும், இரவு நட்சத்திரத்துக்கு இக்கீரை உதவும் எனலாம்.

குளத்தங்கரை, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு ஆகிய ஈரமான இடங்களில் இது தானே படர்ந்து வளரும். வீட்டில் ஒரு பழைய வாளியிலும் வளர்க்கலாம். ஆனால் நடுவதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் நடப்போவது பொன்னாங்கண்ணிதானா?

இது வீண் கேள்வி அன்று. தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு செடி இதே பேரினத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயருக்கு 'முதலைக் களை' என்று பொருள். 1965இல் அது இந்தியாவில் இருப்பது பதிவாயிற்று. இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் காணப்படுகிறது. நம் பொன்னாங்கண்ணியைப் போலவே அதற்கும் கணுவுக்கு இரண்டிரண்டாக எதிரெதிர் இலைகள், அதே பச்சை, அதே வெள்ளைப் பூ. (அழகுக்காக வளர்க்கும் சிவப்பு இலைச் 'சீமைப் பொன்னாங்கண்ணி' வேறொன்று. நிறமே காட்டிக்கொடுத்துவிடுவதால் அதில் குழப்பம் இல்லை.)

முதலைக் களையின் தண்டு உள்ளே குழலாக இருக்கும். "தண்டை நறுக்கிப் பாருங்கள், உள்ளே துளை இருந்தால் அயல் செடி, இல்லாவிட்டால் நம் செடி" என்று நான் என் மாணவர்களுக்குச் சில ஆண்டுகள் சொல்லிவந்தேன். ஒருநாள் ஒரு மாணவி வாய்க்கால் நீரில் கிடந்த கொடி ஒன்றைக் கொண்டுவந்தாள். தண்டு பருத்து உள்ளே துளையுடன் இருந்தது. "அயல் செடிதானே, சார்?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். மறுநாள் தாவரவியல் துறை நண்பரிடம் காட்டியபோது அவர் பூவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அது அசல் பொன்னாங்கண்ணி!

தவறு எங்கே நேர்ந்தது? இயற்பியல் ஆசிரியனான நானே அதை முன்கூட்டி ஊகித்திருக்க வேண்டும். நீரில் நிற்கும் செடியின் வேருக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். சேற்றிலிருந்து அதைப் பெற முடியுமா? ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவுவதை விரவல் என்கிறோம். காற்றில் ஆக்ஸிஜனின் விரவல் எண் வினாடிக்கு ஏறத்தாழ 0.2 சதுர சென்டிமீட்டர். நீரில் அது 0.00002 சதுர சென்டிமீட்டர், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தை விரவல் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் ஆகும் நேரம் தோராயமாகக் கிடைக்கும். 10 சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். காற்றில் 250 வினாடி, அதாவது நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அசையாத நீரிலோ 25 லட்சம் வினாடி. அது 29 நாட்கள்! அதற்குள் வேர் அழுகிப்போகும்.

ஆகவே நீரில் வாழும் செடிகள் பலவும் தண்டுக்குள் காற்றுப் பாதைகளை அமைத்துக்கொள்கின்றன. தாமரைத் தண்டை நறுக்கியவர்களுக்கு இது புதிதன்று. பொன்னாங்கண்ணியும் கரையில் வளரும்போது தண்டு ஒல்லியாக இருந்துவிட்டு, நீரில் இறங்கியதும் பருத்துத் துளை விட்டுக்கொள்ளும். துளை என்பது செடி நிற்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, அதன் இனத்தைச் சொல்வதில்லை.

இனத்தைச் சொல்வது பூ. பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூங்கொத்துகள் மிகச் சிறியவை. இலையும் தண்டும் சேரும் கக்கத்தில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலைக் களையின் பூக்கொத்தோ வெள்ளை வாடாமல்லியைச் சிறிதாக்கியது போல, ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில், சில சென்டிமீட்டர் நீளமுள்ள தனிக் காம்பின் நுனியில் நிற்கும். நம் செடியின் தாவரவியல் பெயர் ஆல்டர்னாந்திரா செசைலிஸ். 'செசைலிஸ்' என்றால் காம்பின்றி அமர்ந்திருப்பது என்று பொருள். விடை பெயரிலேயே இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

பூ இல்லாத தண்டு கிடைத்தால்? அதைத் தனித் தொட்டியில் வைத்துப் பூக்கும்வரை காத்திருங்கள். அவசரம் ஒன்றும் இல்லை.

இனி வளர்ப்பு முறை. ஒரு சாண் நீளத்தில், நாலைந்து கணுக்கள் உள்ள தண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு சாய்த்து நடுங்கள். வேர் கணுவிலிருந்துதான் கிளம்பும். அடியில் துளையிட்ட வாளி, அதில் வண்டல் மண்ணும் மக்கிய சாணமும் போதும். அரைநாள் வெயில் இருந்தாலே தழைக்கும். மண் காயவே கூடாது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் வேர் பிடிக்கும். ஒன்றரை மாதத்தில் முதல் அறுவடை. இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். இனம் தெரிந்தபின் பூவைக் கிள்ளிவிடலாம். இல்லாவிட்டால் தண்டு நாராகிவிடும்.

இங்கே ஒரு சோதனை செய்யலாம். ஒரே தாய்ச் செடியிலிருந்து இரண்டு தண்டுகள் எடுங்கள். ஒன்றை மேற்சொன்ன வாளியில் வையுங்கள். மற்றதைத் துளையில்லாத வாளியில், சேற்றின்மேல் நான்கு விரல் நீர் நிற்கும்படி வையுங்கள். (இந்த நீரை வாரத்துக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். கீரையோடு கொசுவையும் வளர்க்க வேண்டாம்.) இரண்டு மாதம் கழித்து இரண்டிலும் சம நீளத் துண்டுகள் வெட்டி, திருகு அளவியால் விட்டத்தையும், ஆய்வகத் தராசில் நிறையையும் அளந்து அடர்த்தியைக் கணக்கிடுங்கள். எது குறைவாக வரும் என்பதை முன்பே எழுதிவைத்துக்கொண்டு பிறகு அளப்பது நல்லது.

கீரையைப் பறிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். சாக்கடை ஓரத்திலும் தொழிற்சாலைக் கழிவு நீர் கலக்கும் இடத்திலும் பறிக்காதீர்கள். காரீயம், காட்மியம் போன்ற உலோகங்களை இச்செடி வேரால் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அவை போகமாட்டா. நல்ல இடத்துக் கீரையையும் கழுவி வேகவைத்தே உண்ணுங்கள். கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆகையால் கூட்டோ பொரியலோ, சிறிது எண்ணெய் சேர்ப்பது நலம்.

முதலைக் களையை நட்டுவிட்டால்தான் என்ன? அதையும் சில இடங்களில் சமைத்து உண்கிறார்களே என்று கேட்கலாம். கேடு நம் வயிற்றுக்கு இல்லை, குளத்துக்குத்தான். தன் தாயகத்துக்கு வெளியே அது முளைக்கும் விதையை அனேகமாகத் தருவதில்லை. பரவுவதெல்லாம் துண்டுகளால்தான். ஒரு கணு இருந்தால் போதும். துளையில் காற்று இருப்பதால் துண்டு மூழ்காமல் மிதந்து, அடுத்த குளத்தில் கரை ஒதுங்கி வேர் விடும். வேருக்கு மூச்சு தந்த அதே துளை, இப்போது படகாகவும் ஆகிவிட்டது! கரையில் தொடங்கி நீரின்மேல் பாய் விரித்தாற்போல் மூடும். பாய்க்கு அடியில் ஒளி புகாது, ஆக்ஸிஜன் குறையும், மீன் தவிக்கும், மதகில் அடைத்துக்கொண்டு பாசன நீரும் நின்றுபோகும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். பொன்னாங்கண்ணியைச் சிங்களத்தில் 'முகுணுவென்ன' என்பார்கள். அங்கே குடியேறிய இலங்கையர் பலர், ஊர்க் கீரை என்று எண்ணி முதலைக் களையைத் தம் வீட்டுத் தோட்டங்களில் வளர்த்து உண்டுவந்தனர். 1990களில் இது தெரியவந்தது. அதிகாரிகள் செடியைப் பிடுங்கியதோடு நிற்காமல், விக்டோரியா மாநிலத்தில் அந்நாட்டுக்கே உரிய, அதே பேரினத்துச் செடி ஒன்றை மாற்றாக வளர்க்கக் கொடுத்தார்கள். கீரையைப் பறித்துக்கொண்டு வெறுங்கையோடு விட்டிருந்தால் யார் ஒத்துழைத்திருப்பார்கள்?

உங்கள் தொட்டியில் காம்புள்ள பூ பூத்துவிட்டால், வேரோடு பிடுங்கி, ஒரு துண்டும் சிந்தாமல் மொட்டை மாடியில் பரப்புங்கள். நொறுங்கும் அளவுக்குக் காயட்டும். வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியாதீர்கள். சந்தையில் வாங்கிய கட்டில் கழித்த தண்டுகளுக்கும் இதுவே வழி; அவற்றில் எது கலந்திருக்கிறது என்பது பூ வராத நிலையில் எனக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.