ஜாடை எங்கே தப்புகிறது?

திருவண்ணாமலையில் செங்கம் சாலைக் கடைகளிலும் கிரிவலப் பாதையிலும் ரமண மகரிஷியின் முகத்தைப் பார்க்காமல் நடக்க முடியாது. ஜி. ஜி. வெல்லிங் 1946இல் எடுத்த மார்பளவுப் புகைப்படமே அந்தப் படங்களில் பலவற்றுக்கும் மூலம். அதைப் பார்த்துப் பென்சிலில் வரைபவர்களுக்கு 'அப்படியே இருக்காரு' என்ற பாராட்டு எளிதில் கிடைத்துவிடும். சந்தேகிக்க வேண்டியது அந்தப் பாராட்டைத்தான். ஒட்ட வெட்டிய நரைமுடியும் வெண்தாடியும் பின்னால் ஒரு மலையும் இருந்தால், நடுவில் யார் முகம் இருந்தாலும் இந்த ஊர் அவரை ரமணர் என்றே வணங்கும். ஆள் தெரிவது வேறு, ஜாடை வருவது வேறு. முடியையும் தாடியையும் காகிதத்தால் மறைத்துவிட்டுப் புருவம் முதல் உதடு வரை மட்டும் பாருங்கள். அப்போதும் அவர் தெரிகிறாரா? இருபது வயதையொட்டி எடுத்த பழைய படத்தில் அவர் மெலிந்த, கறுத்த முடியுள்ள இளைஞர். வெல்லிங் படத்துக்கும் அதற்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி. இரண்டும் ஒருவரே என்று கண் ஒப்புக்கொள்வது முடியாலோ தாடியாலோ அல்ல.

ஜாடை தப்பினால் கையைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி கண். கோஹன், பென்னட் என்ற இரு உளவியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்து வரைவதில் நேரும் பிழைகளுக்கு முக்கியக் காரணம் கைப்பழக்கக் குறைவு அல்ல, பொருளைத் தவறாகப் பார்ப்பதே என்ற முடிவுக்கு வந்தார்கள். புதிதாக வரைபவர்கள் கண்களை நெற்றிப்பக்கம் ஏற்றிவிடுவது இதற்கு நல்ல சான்று. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண்கள் இருக்கின்றன. ஆனால் கண்ணும் வாயும் நம் கவனத்தை முழுக்க இழுத்துக்கொள்வதால் நெற்றி சுருங்கிப்போகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல, மூக்கின் ஓரத்திலிருந்து நேர் மேலே ஒரு கோடு விட்டுப் பாருங்கள். புகைப்படத்தில் அது கண்ணின் உள்முனையைத் தொட்டு, ஓவியத்தில் கருவிழியை நெருங்கினால், ஒன்று மூக்கு அகன்றிருக்கிறது அல்லது கண்கள் நெருங்கியிருக்கின்றன. எது என்று தெரியாமல் ரப்பரை எடுக்கக் கூடாது. பிழைகள் தெரிய ஓவியத்தைக் கண்ணாடியில் பார்க்கும்படி இத்தாலியரான ஆல்பர்ட்டி 1435லேயே சொல்லியிருக்கிறார். புகைப்படத்தையும் ஓவியத்தையும் சேர்த்துத் தலைகீழாக வைப்பதும் பலன் தரும். தலைகீழான முகத்தை அடையாளம் காண நாம் திணறுவதால், முகம் என்ற நினைப்பு விலகிக் கோடுகளும் இடைவெளிகளும் தென்படும்.

பிறர் கருத்துக்கும் இதே அளவுகோல்தான். 'கண்ணு சரியில்லை' என்று சொன்னால் வரைந்தவர் கண்ணை இன்னும் கறுப்பாக்குவார். கோளாறோ கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையிலான வெளியில் இருக்கும். 'இடப்பக்க இமை படத்தில் இருப்பதைவிடத் தாழ்ந்திருக்கிறது' என்று இடமும் திசையும் சொல்லும் கருத்தே திருத்த உதவும்.

ரமணரின் பார்வையில் உள்ள கருணையை அளந்து கொண்டுவர முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் காகிதத்தில் கருணை வந்து உட்கார இமையின் வளைவும் கருவிழியின் ஒளிப்புள்ளியும் உதட்டோரமும் தவிர இடமில்லை. அவை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முகபாவம் மாறிவிடும். அளவை மீறும் கேலிச்சித்திரத்திலும் ஜாடை வருகிறதே என்பது அடுத்த மறுப்பு. ஒருவர் முகம் மற்ற முகங்களிலிருந்து எங்கே விலகுகிறது என்று ஒப்பிட்டுக் கண்ட பிறகே கேலிச்சித்திரக்காரர் அதைப் பெரிதாக்குகிறார். உண்மையில் வலுவான ஆட்சேபம், ஒரே புகைப்படத்தை நம்புவதைப் பற்றியது. அது ஒரு லென்ஸ், ஒரு ஒளி, ஒரு கணம். டாக்டர் டி. என். கிருஷ்ணசாமி போன்றவர்கள் எடுத்த வேறு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே அதற்கு மருந்து.

அடுத்த முறை யாராவது தாம் வரைந்த முகத்தை உங்களிடம் நீட்டினால், மூலப்படத்தையும் கேட்டு வாங்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பொருந்தாத ஓர் இடத்தையாவது விரல் வைத்துக் காட்டுங்கள்.