கடலில்லா ஊரில் ஸ்கூபா

ஓசூரில் ஸ்கூபாவுக்கு என்ன வேலை? கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். தண்ணீர் என்றால் நுரை பொங்கும் கெலவரப்பள்ளி அணை, தள்ளிப்போனால் கிருஷ்ணகிரி அணை, மழைநீர் தேங்கிய கிரானைட் குவாரிகள், அவ்வளவுதான். ஆனால் நீருக்கடியில் மூச்சுவிட உதவும் அந்தக் கருவியின் பூர்வீகமே, ஓசூருக்குப் பழக்கமான வண்டித் தொழில்தான். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்ஸில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை எரிவாயுவில் ஓட்ட, எஞ்சின் இழுக்கிற அளவுக்கு மட்டும் வாயுவை விடும் வால்வு ஒன்றைச் செய்தார் பொறியாளர் எமில் காக்னன். 1943-இல் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவுடன் சேர்ந்து அதையே மனித நுரையீரலுக்கு ஏற்ப மாற்றினார்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது, பலர் நினைப்பதுபோல் ஆக்சிஜன் அல்ல, சாதாரணக் காற்று. முதல் வால்வு அதைச் சுமார் 10 பாருக்குக் குறைக்கும். வாயருகே இருக்கும் இரண்டாவது வால்வில் ஒரு ரப்பர் சவ்வு. மூச்சிழுத்தால் அது உள்வாங்கி நெம்புகோலை அழுத்த, காற்று வரும். விட்டால் மூடிக்கொள்ளும்.

இதே கருவி தரையிலும் உண்டு. தீயணைப்புத் துறையிலும் ஆலைகளிலும் 'பி.ஏ. செட்' என்பார்கள். முகம் முழுக்க மாஸ்க். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதல் என்பதால் இடுக்கு வழியே விஷவாயு நுழையாது. காற்று தீரப்போனால் விசில் அடிக்கும்.

என் கவலை இங்கேதான். இப்படி ஒரு கருவி இருந்தும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இன்னமும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். துண்டோ தூசி மாஸ்க்கோ ஆக்சிஜனை உண்டாக்காது. காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டியது 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து. மிகவும் குறைந்துவிட்டால் இரண்டு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் வஞ்சகம்: முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போனது, வாயுவும் போனது என்று நம்பி இறங்குபவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார். பலமுறை படித்த செய்திதான்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. செட் விலை அதிகம், மெஷின் வைத்து உறிஞ்சலாமே என்கிறார்கள். மெஷின் வந்தால் நல்லதுதான். ஆனால் கழிவுநீர்க் குழியில் ஓர் உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செட்டின் விலை அதில் சிறு பங்குதான்.

ஒரு செட்டும் போதாது. இறங்குபவருக்கு ஒன்று, மேலே நிற்பவருக்கு ஒன்று. ஓசூரில் பட்டறைக்குப் பட்டறை கம்ப்ரஸர் இருக்கிறதே, அதில் சிலிண்டரை நிரப்பிக்கொள்ளலாம் என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய்ப் புகை இருக்கும். சூடேறினால் கார்பன் மோனாக்சைடும் கலக்கும். அதற்கு நாற்றமே கிடையாது.