உங்கள் ரீசார்ஜில் கிராமத்துக்கும் பங்கு உண்டு!

மாதாமாதம் மொபைலுக்கு ரீசார்ஜ் செய்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு, சிக்னல் எட்டாத கிராமங்களின் பெயரில் வசூலாகிறது என்பது தெரியுமா?

ஆள் குறைவான மலைக்கிராமத்தில் டவர் வைத்தால் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகாது. அதை ஈடுகட்டவே 2002-ல் மத்திய அரசு ஒரு நிதியைத் தொடங்கியது. உரிமக் கட்டணத்துக்காகக் கணக்கிடப்படும் வருவாயில் 5 சதவிகிதத்தை நிறுவனங்கள் இதற்காகச் செலுத்துகின்றன. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம், இதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப் பெயர் மாற்றியது.

ஆனால், பணம் நேராகக் கிராமத்துக்குப் போவதில்லை. முதலில் மத்திய அரசின் கஜானாவில் சேரும். நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகே அங்கிருந்து செலவுக்கு வரும். வசூல் தவறாமல் நடக்கும். வேலை அப்படி நடப்பதில்லை.

சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை ஃபைபர் கேபிளால் இணைக்கும் 'பாரத்நெட்' திட்டத்துக்கு 2011-ல் ஒப்புதல் கிடைத்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. 2023-ல் மேலும் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது.

கேபிள் வந்தால் மட்டும் போதாது. அறுந்தால் ஒட்ட ஆள் வேண்டும்; கரன்ட் போனாலும் கருவி ஓட வேண்டும். அப்போதுதான் போட்ட பணம் நிலைக்கும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு இந்தப் பொறுப்பு 'டான்ஃபினெட்' நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் நெட் வேலை செய்கிறதா? அக்டோபர் 2 கிராம சபையில் கேளுங்கள். நம் காசுக்கு நாம்தானே கணக்குக் கேட்க வேண்டும்!