வாத்து வேட்டைக்குத் திறப்பு நாள் இல்லை... ஆனால், வலைக்கு?

தரங்கம்பாடிக்காரர்களுக்குத் ‘திறப்பு நாள்’ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதுமாகக் கழியும் அந்த இரண்டு மாதம் முடிந்து, ஜூன் 15 வந்துவிட்டால் இன்ஜின் சத்தம்தான் ஊரை எழுப்பும்.

வயல்காரர்களுக்கு இன்னொரு திறப்பு நாள். குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் ஜூன் 12. அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் அது தள்ளிப்போகும். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடைமடையான தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் தண்ணீர் எட்டிப்பார்க்க அதற்குமேலும் நாளாகும்.

இந்த ஊரோடு பழைய தொடர்புள்ள ஒரு நாட்டிலும் இப்படியொரு நாள் உண்டு. 1620-ல் இங்கே வந்து கோட்டை கட்டி, 1845-ல் ஆங்கிலேயக் கம்பெனியிடம் ஊரையே விற்றுவிட்டுப் போனார்களே டேனிஷ்காரர்கள், அவர்களின் டென்மார்க்கில் செப்டம்பர் 1 அன்று வாத்து வேட்டை தொடங்குகிறது. சுமார் 60 லட்சம் மக்கள்தொகை கொண்ட அந்தக் குட்டி நாட்டில், வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். செப்டம்பர் முதல் தேதி விடியலில் ஏரிக்கரை நாணலுக்குள் துப்பாக்கியும் நாயுமாகப் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

கேட்கவே பகீரென்று இருக்கலாம். ஆனால், அந்த உரிமம் சும்மா கிடைப்பதில்லை. தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். சுட்டும் காட்ட வேண்டும். வருட முடிவில் எந்தப் பறவையை எத்தனை சுட்டோம் என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். 1941-லிருந்து அந்தக் கணக்குப் புத்தகம் இருக்கிறது. 1996-ல் ஈயக் குண்டுகளை முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். காரணம் சுவாரஸ்யமானது. வாத்துக்குப் பல் கிடையாது. தின்ற தானியத்தை அரைக்க, சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கிக்கொள்ளும். சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டையும் கல் என்று நினைத்து விழுங்க, அது வயிற்றில் தேய்ந்து ரத்தத்தில் கலந்து, குண்டடி படாத வாத்தும் விஷத்தால் சாகும்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேல். வாத்து சுடப் போகிறவர்கள் ‘டக் ஸ்டாம்ப்’ வாங்கியாக வேண்டும். 1934-ல் வந்த ஏற்பாடு. இன்றைய விலை 25 டாலர். வசூலாகும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களைக் காப்பதற்கே போகிறது. இதுவரை அப்படிக் காப்பாற்றிய நிலம் 60 லட்சம் ஏக்கருக்கு மேல். வாத்தைச் சுடுகிறவர் காசில்தான் வாத்துக்கு வீடு!

நம் ஊர்க் கணக்கு

இந்தியாவிலும் துப்பாக்கி ஓயாத காலம் இருந்தது. ராஜஸ்தானின் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில், ஒரே நாளில் விழுந்த பறவைகள் 4,273. அந்த எண்ணைப் பெருமையாகக் கல்லில் வேறு பொறித்து வைத்தார்கள். அதே இடம்தான் இன்று கேவலாதேவ் தேசியப் பூங்கா.

1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் இதையெல்லாம் நிறுத்தியது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. அந்தச் சட்டத்திலும் உரிமம் வாங்கிக்கொண்டு ‘சிறு வேட்டை’ ஆட வழி இருந்தது. அந்தப் பட்டியலில் வாத்துகளும் இருந்தன. 1991-ல் கொண்டுவந்த திருத்தம்தான் அந்தக் கதவை அடைத்தது. அன்றிலிருந்து இந்தியாவில் வாத்து வேட்டைக்குத் திறப்பு நாள் கிடையாது. கடலுக்கு 61 நாள் தடை என்றால், காட்டு வாத்துக்கு 365 நாளும் தடை. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, கூட்டைக் கலைத்து முட்டையை எடுப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் பட்டியலில் இருக்கும் பறவை என்றால் தண்டனை இன்னும் கடுமை.

வாத்துகளுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது ஐப்பசி மழை. வடகிழக்குப் பருவமழை இறங்கி, சம்பா வயலும் குளமும் ஏரியும் ஒரே தண்ணீராகக் கிடக்கும் நேரத்தில் அவை வந்து இறங்குகின்றன. வாலில் ஊசி செருகியதுபோல நீண்டிருக்கும் ஊசிவால் வாத்து, கரண்டி மாதிரி அலகுள்ள தட்டைவாயன், உருவத்தில் சின்னதான நீலச்சிறகி எல்லாம் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருபவை. புள்ளிமூக்கு வாத்தும், விசில் அடித்துக்கொண்டே பறக்கும் சீழ்க்கைச் சிறகியும் இங்கேயே குடியிருப்பவை. பகலில் பெரிய நீர்ப்பரப்பில் கூட்டமாக ஓய்வெடுத்துவிட்டு, இருட்டியதும் வயல்களுக்கு மேயப் போவது இவற்றில் பலவற்றின் வழக்கம். சிந்திய நெல், களை விதை, புழு பூச்சி என்று கிடைப்பதைத் தின்னும். சில சமயம் நாற்றங்காலை மிதித்து நாசம் செய்து விவசாயியிடம் திட்டு வாங்குவதும் உண்டு. அதை மறைப்பதற்கில்லை.

வரும் வழியில் இவற்றுக்குக் கண்டம் அதிகம். ரஷ்யாவில் ஆகஸ்டிலேயே வேட்டைக்காலம் தொடங்கிவிடும். பாகிஸ்தானில் குளிர்காலத்தில் உரிமத்தோடு சுடலாம். எல்லாம் தப்பிக் காவிரிப் படுகைக்கு வந்து சேரும் வாத்து, சட்டப்படி முழுப் பாதுகாப்பான ஊருக்கு வந்துவிட்டது. சட்டப்படி.

சத்தம் போடாத வேட்டை

துப்பாக்கிச் சத்தம் ஊரைக் கூட்டிவிடும். நைலான் கண்ணி சத்தம் போடாது. டெல்டாவில் இன்று நடக்கும் பறவை வேட்டையில் பெரும்பகுதி இந்த ரகம்தான். வரப்போரம் நரம்புக் கண்ணி, வயலுக்குக் குறுக்கே மெல்லிய வலை, செல்போனில் பதிந்த பறவைக் குரலை ஸ்பீக்கரில் ஓடவிட்டு அழைப்பது எனப் பல வழிகள். கொக்கு, மடையான் பிடிக்கிறவர்களிடம் இன்னொரு பழக்கம்: பிடிபட்ட ஒன்றின் கண்ணைத் தைத்து வயலில் நிறுத்திவிடுவார்கள். அதைப் பார்த்து, ‘இங்கே இரை இருக்கிறது’ என்று மற்றவை இறங்கும். இப்படி ஆசை காட்ட நிறுத்தும் உயிருக்குத் தமிழில் ‘பார்வை’ என்று பெயர்; சங்க இலக்கியத்திலேயே உள்ள சொல். கண்ணைக் கட்டிய பறவைக்குப் ‘பார்வை’ என்று பெயர் அமைந்தது கொடுமைதான்.

விஷம் இன்னொரு வழி. குருணை மருந்து கலந்த நெல்லைத் தூவிவிட்டால் காலையில் பொறுக்கிக்கொள்ளலாம். சாலையோரம் ‘காட்டு வாத்து’, ‘கொக்குக் கறி’ என்று வாங்கிப் போகிறவருக்கு அது கண்ணியில் விழுந்ததா, மருந்தில் விழுந்ததா என்று தெரிய வாய்ப்பே இல்லை. சளிக்கு நல்லது, மூலத்துக்கு நல்லது என்று சொல்லிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறார்கள். பிடிப்பவருக்குத் தண்டனை உண்டு என்பது ஓரளவு தெரிந்திருக்கிறது. அந்தக் கறியை வாங்கி வைத்திருப்பதும் வழக்கில் மாட்டிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆசைக்கு வாத்துக் கறிதான் வேண்டுமென்றால், அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கில் வாத்து மேய்த்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ப்பு வாத்து, எந்தச் சட்டமும் தடுக்காது.

பறவை வேட்டை என்றதும் நரிக்குறவர் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்வது நம்மிடம் உள்ள சுலபமான வழக்கம். குருவிக்காரர் என்ற பெயரே அவர்களின் பழைய தொழிலைச் சொல்கிறது. அந்தத் தொழிலைச் சட்டம் எடுத்துக்கொண்டது. பதிலுக்குப் பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. பாசிமணி, ஊசி என்று பிழைத்தவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2023 வரை ஆனது. இன்று வலை விரிப்பவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். மீனவர்களுக்குத் தடைக்கால நிவாரணம் கொடுத்துத்தான் கடலை மூடுகிறோம் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு, தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலோரமாகவே போனால் வரும் கோடியக்கரை சாட்சி. 1967-லிருந்து சரணாலயமாக இருக்கும் அங்கே, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கே போய் வருகின்றன என்று பல காலம் ஆய்வு செய்திருக்கிறது. வளையம் மாட்ட வேண்டுமானால் முதலில் பறவையைக் காயமில்லாமல் பிடிக்க வேண்டுமே? அதற்காகப் பீகாரிலிருந்து மிர்ஷிகார் என்ற பரம்பரைப் பறவை பிடிப்பவர்களை வரவழைத்தார்கள். ஒரு காலத்தில் சந்தைக்குப் பிடித்த அதே கை, அதே கண்ணி. பிடிபட்ட பறவை மட்டும் வளையத்தோடு திரும்பப் பறந்தது. அந்தக் கை தமிழ்நாட்டிலும் இருந்தது, நாம்தான் கூப்பிடவில்லை.

காவலுக்கு வனத்துறை போதாது, ஊர்தான் வேண்டும். இதற்குப் பழைய உதாரணம் வேடந்தாங்கல். அங்கே வந்து பறவைகளைச் சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள் மீது ஊர்மக்கள் கலெக்டரிடம் போய்ப் புகார் சொன்னார்கள். 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களின் காவல் உரிமையை ஏற்றுக்கொண்டார். வெறும் இரக்கம் மட்டும் காரணமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டெல்டாவிலும் மன்னார்குடி பக்கம் வடுவூர் ஏரி 1999-லும், திருத்துறைப்பூண்டி பக்கம் உதயமார்த்தாண்டபுரம் 1998-லும் சரணாலயங்கள் ஆயின. 2022-ல் இரண்டுக்கும் ராம்சர் தகுதி கிடைத்தது. இரண்டுமே பாசன ஏரிகள்தான். ஆனால், பகலில் ஏரிக்குள் பத்திரமாக இருக்கும் வாத்து, இரவில் மேயப் போகும் வயல் சரணாலய எல்லைக்குள் வருவதில்லை. தரங்கம்பாடி பக்கத்து வயல்களுக்கும் குட்டைகளுக்கும் எந்தப் பலகையும் இல்லை. அங்கே வலை விரிகிறதா என்று பார்க்க வயல்காரர்தான் உண்டு.

வாத்துகள் வந்து இறங்கும் அதே ஐப்பசியில்தான் தீபாவளியும் வருகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரண்டு போய்விடும் என்று பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. பட்டாசு கேட்டு அழாத அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக, தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்புப் பெட்டியோடு வருகிறார்கள்.