வேன் கதவுப் பூட்டில் சைரன், ரிமோட் இணைக்கும்போது

லைன் விற்பனைக்கு நம்மில் பலர் சொந்த வேன் வைத்திருக்கிறோம். தேவிபட்டினம் கடைத்தெருவில் சரக்கை இறக்கிவிட்டுப் பில் போடும் நேரத்தில், மீதிச் சரக்கும் அன்றைய வசூல் பையும் வண்டிக்குள்தான் இருக்கும். ஆகவே சென்ட்ரல் லாக், ரிமோட், சைரன் என்று மாட்டுகிறோம். நல்லதே. ஆனால் வயர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை.

கடையில் வாங்கி மாட்டும் செட்டில், பெரும்பாலும் டிரைவர் கதவு மோட்டாருக்கு 5 வயர், மற்றக் கதவுகளுக்கு இரண்டிரண்டு வயர். அந்த இரண்டில் 12 வோல்ட் ஒரு பக்கமாகப் போனால் பூட்டும். பக்கம் மாறினால் திறக்கும். மின்சாரம் போவது ஒரு விநாடிக்கும் குறைவாகத்தான். மற்ற நேரமெல்லாம் இரண்டு வயரும் ரிலே வழியாக எர்த்தில் நிற்கும். இதை அறியாதவர் சைரனுக்கோ விளக்குக்கோ வரும் பாட்டரி வயரை மோட்டார் வயரோடு முறுக்கிவிட்டால் நேரே ஷார்ட்தான். ப்யூஸ் இருந்தால் ப்யூஸ் போகும். இல்லையென்றால் வயர் எரியும், உள்ளே எண்ணெய் டின்னும் அட்டைப் பெட்டியும்! ரிமோட்டை டிரைவர் கதவு மோட்டாரின் சுவிட்ச் வயர்களில் இணைக்க வேண்டும். சைரனுக்குப் பாட்டரியிலிருந்து தனி வயர், பாட்டரியை ஒட்டியே ப்யூஸ். ப்யூஸ் அளவு செட்டில் எழுதியபடி இருக்கட்டும். அடிக்கடி போகிறதென்று பெரியதைப் போடும் வழக்கம் வேண்டாம்.

நம் கடற்கரையில் உப்புக் காற்று வேறு. முறுக்கி டேப் சுற்றிய செம்புக் கம்பி நாளடைவில் பச்சை பூத்துவிடும். கருவாடு ஏற்றும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள். கூலி சற்றுக் கூடும், கொடுக்கலாம். ஆம்னி, ஈகோ போன்ற தள்ளுகதவு வண்டியில் கதவுக்கு வயர் இழுப்பது சிரமம், தொடுமுனை வைப்பார்கள். அதில் உப்பு படிந்தால் அந்தக் கதவு மட்டும் பூட்டாமல் நிற்கும். வாரம் ஒரு முறை துடைத்துவிட்டு, கையால் இழுத்துப் பார்ப்பதே எங்கள் வழக்கம்.

கம்பெனியிலேயே சென்ட்ரல் லாக் வந்த புது வண்டிகளில் பூட்டை நடத்துவது எலக்ட்ரானிக் பெட்டி. அங்கே வயரை வெட்டினால் வாரண்டிக்குத் தகராறு வரும். அந்த மாடலுக்குரிய கப்ளர் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டே சோதியுங்கள். மாற்றுச் சாவி வண்டியில் அல்ல, கடைக் கல்லாவில் இருக்கட்டும்.