குரல்வளைக்கும் மூட்டு உண்டு

கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடுவார்கள். முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பார்கள். மூட்டுகள் இப்படி அளவுக்கு மீறி வளைகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை எதுவும் இல்லை. வலியும் மூட்டு நழுவலும் தீராத களைப்பும் சேரும்போதுதான் அது நோயாகிறது. இப்படிப்பட்ட நோய்களுள் நன்கு அறியப்பட்டது எலர்ஸ்-டான்லோஸ் நோய். 1901இல் டென்மார்க்கின் எலர்ஸும் 1908இல் பிரான்ஸின் டான்லோஸும் விவரித்ததால் வந்த பெயர் இது. 2017ஆம் ஆண்டின் வகைப்பாடு இதை 13 வகைகளாகப் பிரித்தது. அவற்றில் மிகப் பரவலானது மூட்டு நெகிழ்வு வகை. அதற்குக் காரணமான மரபணுதான் இன்னும் பிடிபடவில்லை.

கோளாறு இருப்பது இணைப்புத் திசுவில். அதற்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் உடல் முழுக்க இருக்கிறது, குரல்வளையும் விலக்கல்ல. அங்கே மோதிர வடிவக் குருத்தெலும்பின் மேல் இரண்டு சிறு குருத்தெலும்புகள் மூட்டுகளால் இணைந்து அமர்ந்திருக்கின்றன. குரல் நாண்களின் பின்முனைகள் இவற்றோடு இணைந்துள்ளன. இவை சுழன்றும் சறுக்கியும் நாண்களை மூச்சுக்குத் திறக்கின்றன, பேச்சுக்கு மூடுகின்றன. சுருதியை ஏற்றி இறக்க வேறொரு ஜோடி மூட்டுகள் உண்டு. பேசும்போது ஆண்களின் நாண்கள் நொடிக்கு நூறு தடவைக்கு மேலும், பெண்களின் நாண்கள் ஏறக்குறைய இருநூறு தடவையும் அதிர்கின்றன. இவ்வளவு வேகத்தில் சின்னத் தளர்ச்சியும் காதுக்கு எட்டிவிடும்.

மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்தால் அந்தப் பாரம் தசைகளின் மேல் விழுகிறது. கழுத்தும் தொண்டையும் ஓயாமல் இறுகுகின்றன. காலையில் தெளிவாக இருந்த குரல் மாலைக்குள் கரகரக்கும். மேல் சுருதியில் உடையும். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். கேமரா வைத்துப் பார்த்தால் கட்டியோ புண்ணோ தெரியாது. "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. நாண்களின் அதிர்வையே காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப் பரிசோதனை கூடுதல் விவரம் தரும்.

மூட்டு நெகிழ்வு உள்ளவர்களிடம் எதுக்களிப்பும் அதிகம். மேலேறும் அமிலம் நாண்களை எரிச்சலூட்டுகிறது. சிலருக்கு விழுங்குவது சிரமம், சிலருக்குத் தாடை மூட்டு நழுவும். மூச்சை இழுக்கும்போது நாண்கள் திறப்பதற்குப் பதில் நெருங்கிவிடுவதும் உண்டு. இது ஆஸ்துமா போலவே தோன்றும், ஆனால் இன்ஹேலருக்கு அடங்காது. ஆஸ்துமாவில் மூச்சை விடும்போது வீசிங் கேட்கும். இதில் சத்தம் பெரும்பாலும் இழுக்கும்போது, தொண்டையிலிருந்து வரும்.

சிகிச்சையில் முதலிடம் பேச்சுப் பயிற்சிக்குத்தான்: மூச்சைச் சீராக்குவது, ஸ்ட்ரா வழியே மெல்ல ஒலி எழுப்புவது, கழுத்தை இறுக்காமல் பேசப் பழகுவது. வலிமையான பிடிப்பு மசாஜும் கழுத்தைச் சொடுக்குவதும் இவர்களுக்கு ஆகாது. ஏற்கெனவே தளர்ந்த மூட்டு மேலும் நழுவக்கூடும். கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு என்ற நம்பிக்கையும் சரியில்லை. பலருக்கு அதுவே தொண்டையை இறுக்குகிறது.

அறுவை சிகிச்சை என்று வந்தால் மயக்க மருத்துவரிடம் மூட்டு நெகிழ்வு இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய் செருகும்போது தாடை நழுவலாம், கழுத்தைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கும், குரல்வளைக் குருத்தெலும்பு இடம் பெயரவும் வாய்ப்புண்டு. மரத்துப்போகும் ஊசியும் இவர்களில் பலருக்குச் சரியாக வேலை செய்வதில்லை; பல் பிடுங்கப் போனாலும் இதைச் சொல்லிவிடுவது நல்லது. குரல் கம்மல் மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால், காரணம் மூட்டுதான் என்று தாமாக முடிவுகட்டாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.