தழும்பில் தோன்றும் கட்டி

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் ஸிஸேரியன் சிகிச்சை முன்போல் அபூர்வமன்று. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, அதற்கு முந்திய ஐந்தாண்டுகளில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 100-க்கு ஏறக்குறைய 45 இவ்விதம் நிகழ்ந்தவை. தாயையும் சேயையும் காக்கும் இச்சிகிச்சையை நாம் குறை கூற வரவில்லை. அது விட்டுச் செல்லும் தழும்பைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள்.

கர்ப்பப்பையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மாதந்தோறும் தடித்து, உதிர்ந்து, உதிரத்துடன் வெளியேறுவது அதுவே. சிகிச்சையின்போது அச்சவ்வின் ஜீவ அணுக்கள் சில, கீறிய இடத்தில் ஒட்டிக்கொள்வதுண்டு என்பது வைத்தியர் கருத்து. வேற்று நிலத்தில் விழுந்த விதையைப் போல் அவை அங்கே வேரூன்றி, மாதவிடாய்க் காலத்தில் வீங்கிக் கசியும். இதற்கு எண்டோமெட்ரியோஸிஸ் என்று பெயர். தழும்பருகே ஒரு கட்டி, அந்நாட்களில் அதில் வலி: இவையே முக்கிய அடையாளங்கள். இது சிலருக்கே வருவது. வந்தாலும், அறுத்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகும்.

ஆனால் மிக மிக அபூர்வமாக, பல ஆண்டுகள் கழித்து, சிலரிடம் 20 ஆண்டுகளுக்குப் பின்னரும், அவ்விடத்தில் புற்றுநோய் தலையெடுக்கிறது. எண்டோமெட்ரியோஸிஸிலிருந்து பிறந்த புற்று இதுவென நிர்ணயிக்கும் விதிகளை 1925-ல் வகுத்தவர், அமெரிக்காவில் ஆல்பனி நகரத்து டாக்டர் ஜான் ஸாம்ப்ஸன். புற்றின் பக்கத்திலேயே அச்சவ்வணுக்கள் காணப்பட வேண்டும். புற்று வேறோர் இடத்திலிருந்து பரவியதாய் இருத்தலாகாது. அதன் அமைப்பு அச்சவ்விலிருந்து பிறந்ததற்குப் பொருந்த வேண்டும். அவர் ஆராய்ந்தது சூற்பையை. தழும்புக் கட்டிகளுக்கும் வைத்தியர்கள் அவ்விதிகளையே கொண்டு பார்க்கின்றனர்.

இந்நோயில் பெரிய சத்துரு காலதாமதமே. தையல் முடிச்சு என்றும், குடலிறக்கம் என்றும் எண்ணி ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம். கட்டி விரைந்து வளர்ந்தாலும், மாதம் ஒருமுறை வந்த வலி ஓயாத வலியானாலும், மாதவிடாய் நின்ற பின் கட்டி பெருத்தாலும் தாமதிக்கலாகாது. ஸ்கேன் எடுத்து, சிறு துணுக்கை ஊசியால் எடுத்துப் பரிசோதித்தால் உண்மை விளங்கும். புற்றென்றால் சுற்றிலும் நல்ல தசை உட்பட அகலமாக அறுத்து நீக்குவதே முதல் சிகிச்சை. வயிற்றுச் சுவரில் விழும் இடைவெளியை வலைத்துணி வைத்து மூடுவதுமுண்டு.

நம் இல்லங்களில் பெண்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமை என்று பழக்கிவிட்டோம். வைத்தியரிடம் பழைய சிகிச்சையின் ஆண்டையும், வலி வரும் நாட்களையும் தயங்காமல் சொல்லுங்கள். தழும்பில் கட்டி கண்டோர் அனைவரும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டியதில்லை. ஆனால் அதைக் காட்டாமல் மறைத்து வைப்பதும் விவேகமாகாது.